மூன்று தடவை பார்த்த முப்பத்தேழு

வீட்டுக்குள் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசம் அடித்தால் எனக்கு இன்றைக்கும் இருப்புக் கொள்ளாது. கேஸை மூடினோமா, சாமி விளக்கு எரிகிறதா, சுவிட்சை யாராவது தட்டிவிட்டார்களா என்று எல்லா அறைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் வாசம் எங்கிருந்து வருகிறது என்றே தேடுவேன். சிவகாசிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் கொஞ்சம் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதல். போன வாரம் அப்படி மூச்சிரைக்க மாடிக்கு ஏறினால், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் மகள் சுகன்யா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையளவு பிளாஸ்டிக் விமானம் ஒன்றுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அவளுக்கு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கும் மனசுக்கும் ஆறுதலாக இப்படி விமானம் ஒட்டுவாளாம். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்று பெட்டியில் போட்டிருந்தது. உடம்பு முழுக்கக் காவியும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நன்றாகவே அடித்திருந்தாள். விமானி உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்குமே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள். கூண்டின் சட்டங்களுக்கு மட்டும் வண்ணம் ஏற வேண்டும், கண்ணாடியில் ஒரு பொட்டுகூட விழக் கூடாது. அதற்காகக் கண்ணாடியை மறைக்கிற மஞ்சள் ஸ்டிக்கர்களைப் பெட்டிக்காரனே அளவாக வெட்டி அனுப்பியிருக்கிறான். இரண்டு சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"நகத்துல பாதி கூட இல்லம்மா ஒவ்வொண்ணும். கையெல்லாம் ஒட்டுது. நீ போ, உன்னால முடியாது."

என்னிடம் யாராவது 'உன்னால முடியாது' என்றால் வழக்கமாக நான் உடனே ஒப்புக்கொண்டுவிடுவேன். மல்லுக்கட்டுகிற சுபாவம் கிடையாது. ஆனால் அன்றைக்கு என்னவோ, "தள்ளி உக்காரு" என்றேன். கீழே போய்த் தையல் பெட்டியின் அடியிலிருந்து என் பழைய பிளேடு கத்தியையும் ஒரு செல்லோ டேப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். டேப்பைக் கிழித்து முதலில் என் முன்னங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்தேன். மகள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா பண்ற?"

"பசை சாஸ்தி இருந்தா அடிப் பெயிண்டையும் சேத்து உரிச்சிட்டு வந்துரும். கையில ஒட்டி எடுத்தா அளவாயிரும்."

"இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

கல்யாணமாகி வந்த பிறகு நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நான் ஒரு சண்டை விமானத்துக்கு வண்ணம் அடித்திருக்கிறேன் என்பது தெரியாது. நானே மறந்துபோயிருந்தேன். டேப்பை உரிக்கும்போது முன்னங்கை முடி சுருக்கென்று இழுபட்டதே, அந்த வலிதான் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. வறுமையென்று சொன்னால் கேட்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் அது பொய். ஆமத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. அப்பா பருத்தி போட்டார், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்பில் அரசாங்கப் பரீட்சை என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். பெயர் எழுத மறந்துவிட்டால்? பேனா நின்றுவிட்டால்? பரீட்சை நாளில் பஸ் வராவிட்டால்? அம்மா வேப்பிலை அடித்தாள், அப்பா டாக்டரிடம் கூட்டிப் போனார். கடைசியில், "பிள்ள உசுரோட இருந்தாப் போதும்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது. கொஞ்ச நாள் பருத்தி எடுத்தேன். பிறகு கம்பெனி பஸ்ஸில் சிவகாசிக்கு, ஓர் ஆப்செட் அச்சகத்துக்கு வேலைக்குப் போனேன்.

எங்கள் முதலாளி குடும்பத்துக்கு நாரணாபுரத்தில் பட்டாசு ஆலையும் உண்டு, ஊருக்குள் அச்சகமும் உண்டு. அங்கே வெடி, இங்கே அதற்கு லேபிள். நான் இருந்தது பிலிம் செக்‌ஷன். அடியில் டியூப் லைட் எரிகிற கண்ணாடி மேசை. அதன் மேல் அச்சுக்குப் போகப்போகிற பிலிமை வைத்தால் வெளிச்சம் கீழிருந்து வரும், பிலிமில் இருக்கிற ஊசிமுனை ஓட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரி மின்னும். அதை ஒவ்வொன்றாக மெல்லிய பிரஷால் அடைக்க வேண்டும். அடைக்கிற குழம்புக்கு ஒபேக் என்று பெயர். செம்மண்ணைக் குழைத்தது மாதிரி இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். வண்ணம் விழக் கூடாத இடங்களைச் சிவப்புத் தாள் வெட்டி மறைப்பதும் எங்கள் வேலைதான். மாஸ்கிங் என்போம்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். எங்கள் மேசையில் எதையுமே முகத்தைக் கவிழ்த்துத்தான் வைப்போம். பிலிமில் மருந்து பூசிய பக்கம் மேலே இருக்க வேண்டும். அப்படி வைத்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல வலமிருந்து இடமாக ஓடும். முதல் மாதம் தலை சுற்றும். மூன்றாம் வருஷம் அதுதான் நேராகத் தெரியும். பஸ் போர்டைப் படிக்கத்தான் ஒரு நொடி திணறுவோம்.

எனக்கு எதிர் மேசை முத்துலட்சுமி. வாய் நிற்காது, கையும் நிற்காது. அவள் நான்கு பிலிம் முடிக்கும்போது நான் ஒன்றரை முடித்திருப்பேன். எனக்குக் கை வராமல் இல்லை. ஒவ்வொரு பிலிமையும் மூன்று தடவை பார்ப்பேன். இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை, பிறகு சந்தேகத்துக்கு ஒரு தடவை.

"ஏ ஆமத்தூரு," என்பார் செக்‌ஷனைக் கவனித்துக்கொண்ட குருசாமி அண்ணாச்சி. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "அது என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்கே? திரும்பத் திரும்பப் பாக்க?"

"இல்ல அண்ணாச்சி, இன்னும் ஒருக்கா…"

"சீசன் தலைக்கு மேல நிக்கிது. இந்த மாசம் பாப்பேன். வேகம் வரலேன்னா பைண்டிங்குக்குப் போயிரு. அங்கன தாள் மடிக்கிறதுக்கு ஒருக்கா பாத்தாப் போதும்."

பைண்டிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் எனக்கு அந்த மேசையை விட்டுப் போக மனசு வரவில்லை. உலகத்தில் நான் பயப்படாமல் உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். வெளிச்சம் கீழிருந்து வரும்போது மறைவாக எதுவுமே இருக்க முடியாது. எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும், அடைத்துவிடலாம். அதற்கு மேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்ல முடியுமா? ராத்திரி ஆமத்தூரில் கண் கொட்டாமல் படுத்திருப்பேன்.

அந்த மாதத்தில்தான் முதலாளி விமானத்தோடு வந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மைத்துனர் கொண்டுவந்த பெட்டி. அந்த வருஷம் புது ராக்கெட் ஒன்று போடுகிறார்கள். அதன் லேபிளுக்கு இதே விமானம் வேண்டும். வழக்கமாக ஓவியரை வைத்து வரைவதுதான். ஆனால் ஒருத்தர் வரைந்ததைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து அடுத்தவர் என்று வரைந்து வரைந்து எங்கள் ஊர் லேபிள் விமானங்களெல்லாம் மெல்ல மெல்லக் கெண்டை மீன் ஜாடைக்கு வந்துவிட்டிருந்தன.

"இதை ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, மதுரையிலருந்து போட்டோகிராபரக் கூட்டியாந்து படம் எடுத்துருவோம். நெசம் மாதிரி இருக்கணும்" என்றார் முதலாளி. "இதோட பேருக்கே நெருப்பக் கக்குறதுன்னுதான் அர்த்தமாம். நம்ம சரக்குக்குன்னே செஞ்சிருக்கான்."

ஓவியர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். பெட்டியில் போட்டிருந்த படத்தில் காவியும் பச்சையும். முதலாளி அதை எட்டி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, இந்தச் சாணிக் கலர்ல அடிச்சா கடையில எவன் கண்ணுக்குத் தெரியும்?"

"அது தெரியக் கூடாதுன்னுதான் முதலாளி அடிச்சிருக்கான். சண்டையில ஒளியறதுக்கு."

"அவன் ஒளியட்டும். நமக்கு வெடி விக்கணும். செவப்பும் மஞ்சளும் அடிங்க. அந்தத் திட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும், நல்லாருக்கு."

யார் கண்ணுக்கும் தட்டுப்படக் கூடாது என்பதற்காக எங்கோ ஒரு வெள்ளைக்காரன் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த திட்டுகளை, யார் கண்ணுக்கும் தப்பக் கூடாது என்பதற்காக நாங்கள் சிவப்பிலும் மஞ்சளிலும் அடித்தோம். உலகத்தில் வேறு எங்கேயும் இது நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணாச்சி செக்‌ஷனை ஒரு சுற்றுப் பார்த்தார். சீசன் வேலையில் யாரை எடுத்தாலும் நான்கு பிலிம் நின்றுபோகும். என்னை எடுத்தால் ஒன்றரைதான்.

"ஏ ஆமத்தூரு, நீ வா. மெதுவா செய்ய வேண்டிய வேலை ஒண்ணு வந்திருக்கு, உனக்குன்னே." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒத்தப் பெட்டிதான். கெட்டுச்சுன்னா வேற வாங்க சிங்கப்பூர்தான் போகணும். கெடுத்தே, மறுநா பைண்டிங்ல நிப்பே. சரியா?"

முத்துலட்சுமி எதிர் மேசையிலிருந்து, "கவலைப்படாத பிள்ள, சிங்கப்பூருக்கு உன்னையே அனுப்பி வாங்கச் சொல்லுவாக. பிளேன்ல போயிட்டு வரலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒட்டுகிற வேலையை அண்ணாச்சியும் நானும் பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து இரண்டு நாளில் முடித்தோம். அடுத்தது வண்ணம். ஓவியர் அறையில் காற்றில் வண்ணம் தூவுகிற பேனா ஒன்று, கம்ப்ரஸரோடு இருந்தது. பக்கத்தில் கார் பட்டறையில் அடிக்கிற பெயிண்டும் அதற்கான தின்னரும் டின் டின்னாக. "இதுதான் பளபளன்னு நிக்கும், சீக்கிரம் காயும்" என்று ஊற்றப் போனார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்."

"என்ன, அதையும் மூணு தடவை பாக்கணுமா?"

அந்த வாசமே எனக்குச் சரியாகப் படவில்லை. விமானத்தின் கண்ணாடிக் கூண்டும் பாட்டுக் கேசட் பெட்டியும் ஒரே ஜாதிப் பிளாஸ்டிக் மாதிரி தோன்றியது. முத்துலட்சுமியிடமிருந்து ஓர் உடைந்த கேசட் பெட்டியைக் கெஞ்சி வாங்கி, அதன் மேல் இரண்டு சொட்டுத் தின்னர் விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பால் படர்ந்த கண் மாதிரி வெளுத்து, பொடிப் பொடியாக விரிசல் விட்டது. தொட்டால் விரல் ரேகை பதிந்தது.

அண்ணாச்சி கையிலிருந்த டின்னை மெதுவாகக் கீழே வைத்தார். முத்துலட்சுமி, "ஏ ஆத்தா, என் கேசட்டுப் பெட்டி போச்சே" என்று ஒப்பாரி வைத்தாள்.

பிறகு இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டை டர்பென்டைனில் கரைத்து, அதையும் விமானத்தின் உதிரிகள் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் காம்பில் தடவி ஒரு நாள் காயவிட்டுப் பார்த்தேன். காம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அச்சில் நாங்கள் எப்போதும் மஞ்சளைத்தான் முதலில் ஓட்டுவோம். அதே பழக்கத்தில் உடம்பு முழுக்க மஞ்சள். அது காய ஒன்றரை நாள். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைச் செல்லோ டேப்பால் மறைத்துவிட்டு மேலே சிவப்பைத் தூவ வேண்டும். முதல் டேப்பை வயிற்றுப் பக்கத்தில் ஒட்டி உரித்துப் பார்த்தபோது மஞ்சளும் கூடவே தோலாக வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. யோசித்து யோசித்து, டேப்பைக் கையில் ஒட்டி எடுத்தால் என்ன என்று தோன்றியது. விமானம் முடியும்போது என் இரண்டு முன்னங்கையிலும் ஒரு முடி மிச்சமில்லை.

இதிலெல்லாம் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெருமைப்பட்டே சாகலாம் என்று நான் நினைக்கிற ஒரு காரியம் கண்ணாடிக் கூண்டில் செய்தேன். அந்தச் சட்டங்கள் தீக்குச்சியை விட மெலிசு. வளைந்த கண்ணாடியில் டேப் நிற்கவில்லை, ஓரம் தூக்கிக்கொண்டது. ஒரு நாள் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒபேக் கிண்ணம். பிலிமில் ஓட்டையை அடைக்கிற அதே ஒபேக். தண்ணீரில் கரைகிற ஒபேக். எனாமலோ எண்ணெய், தண்ணீருக்கு அசையாது.

பிறகு என்ன, நம் சொந்த வேலைதான். கண்ணாடிக் கட்டம் ஒவ்வொன்றையும் ஓட்டையை அடைப்பது போல ஒபேக்கால் அடைத்தேன். மூன்று பூச்சு. கூண்டே செங்கல் மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் மஞ்சளைத் தூவி, காயவிட்டு, ஓரங்களைப் பிளேடு முனையால் கீறிவிட்டு, நனைத்த பஞ்சை வைத்து ஒற்றினேன். செம்மண் கரைந்து ஒழுகியது. பஞ்சை எடுத்தால், அடடா! மஞ்சள் சட்டம் மட்டும் நூல் பிடித்த மாதிரி நிற்க, நடுவே கண்ணாடி பளிச்சென்று, உள்ளே விமானியின் இருக்கை தெரிந்தது. முத்துலட்சுமி எழுந்து வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயை யாராவது மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதையும் அவளே மூடினாள்.

கடைசியாக மிஞ்சியது எண். முதலாளிக்கு ராசியான எண் முப்பத்தேழு. விமானத்தின் இரண்டு பக்கமும் கறுப்பில் வர வேண்டும். ஒரு தாளில் 37 என்று அழகாக அச்சடித்து வாங்கி, என் மேசையில் வைத்து, மேலே டேப்பை ஒட்டி, அடியிலிருந்து வந்த வெளிச்சத்தில் எண்ணின் ஓரம் பிசகாமல் வெட்டினேன். வெட்டிய டேப்பை விமானத்தில் ஒட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்பைத் தூவினேன். காய்ந்ததும் டேப்பை உரித்தேன். கூர்மையான எண். மறுபடியும் மூன்று தடவை பார்த்துவிட்டு, நிம்மதியாக ஆமத்தூர் பஸ் ஏறினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மதுரைப் போட்டோகிராபர் விளக்கெல்லாம் நட்டுவிட்டார். நீலத் துணி தொங்கியது. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் விமானத்தைத் தாம்பாளத்தில் வைத்துச் சீர்வரிசை மாதிரி கொண்டுபோனேன். போட்டோகிராபர் கேமராவில் கண்ணை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இது என்ன நம்பருங்க?"

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். அவருக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவரும் எங்கள் மேசைக்காரர்தானே. பிறகு அவர் முகம் மாறியது.

"ஏ பிள்ள… இதென்ன, கண்ணாடியப் பாத்து எழுதுனியா?"

எண் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. ஏழு முன்னாலும் மூன்று பின்னாலும், இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு. நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தாளை மேசையில் வைக்கும்போது கை பழக்கத்தில் முகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மூன்று தடவை அல்ல, முப்பது தடவை பார்த்திருந்தாலும் என் கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிந்திருக்கும். வருஷக்கணக்காக நேரென்று பழகியதே அதைத்தானே.

அழித்து அடிக்க நேரமில்லை. கறுப்பைத் துடைத்தால் மஞ்சளும் போய்விடும். போட்டோகிராபருக்குச் சாயங்காலம் மதுரையில் கல்யாண வரவேற்பு. முதலாளி எழுந்துவிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. பைண்டிங் செக்‌ஷன் இருந்த பக்கம் அவர் தலை திரும்பியதை நான் பார்த்தேன். அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"திருப்பிப் போட்டுக்கிடலாம் அண்ணாச்சி."

"என்னது?"

"படத்த எடுக்கட்டும். பிலிமத் திருப்பிப் போட்டா நம்பர் நேரா வந்துருமுல்ல? நாம கவுத்துப் போடாததா?"

முதலாளி, "அப்ப மூக்கு எடது பக்கம் போயிருமே. எடது பாத்துப் பறக்கிற ராக்கெட்டு லேபிள நம்ம ஊர்ல எவன் வாங்குவான்?" என்றார். அது உண்மைதான். எங்கள் லேபிளில் எது பறந்தாலும் வலப்பக்கம் மேல் நோக்கித்தான் பறக்கும்.

"அதுக்குத்தான் மொதலாளி… இப்ப மூக்க எடது பக்கம் வச்சு எடுத்தா, திருப்புறப்ப வலது பக்கம் வந்துரும். லைட்டையும் அந்தப் பக்கமா மாத்தி வைக்கச் சொல்லுங்க."

முதலாளியிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பேசி முடிக்கும்வரை சுவரை விடவில்லை. போட்டோகிராபர் விரலைக் காற்றில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், பிறகு விளக்கைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். முதலாளி உட்கார்ந்தார். அண்ணாச்சி மட்டும் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணு தடவை பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"மூணு தடவையும் ஒரே கண்ணுதான பாத்துச்சு? நாலாவது தடவை வேற ஆள்கிட்டக் காட்டணும்."

அவ்வளவுதான் திட்டு. மறு வாரம் முதல் தாள் மிஷினிலிருந்து வந்தது. நீல வானத்தில் வலப்பக்கம் மேல் நோக்கிச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சண்டை விமானம். கண்ணாடிக் கூண்டு மினுங்க, 37 நேராக நின்றது. மை ஈரம் காயாத அந்தத் தாளை அண்ணாச்சி என் மேசையில், முகத்தைக் கவிழ்த்து, வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவர் வேடிக்கை. அதே வாரத்தில் இன்னொன்றும் செய்தார். அச்சுத் தகடான பிளேட் செய்யக் கீழ்த்தளத்துக்குப் போகிற பிலிம் எல்லாவற்றையும், யார் செய்ததாக இருந்தாலும், கடைசியில் என்னிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"நாலாவது பார்வை இனி இவளுது. ஆமத்தூரு பாக்காம எந்தப் பிலிமும் கீழ எறங்கக் கூடாது."

"எங்க வேலையில இவ குத்தம் கண்டுபிடிக்கவா?" என்று முத்துலட்சுமி சண்டைக்கு வந்தாள். பிறகு அவள்தான் எல்லோருக்கும் முன்னால் பிலிமை நீட்டினாள். "பாரு பிள்ள, நல்லாப் பாரு. மூணு தடவை பாரு. நான் அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துருதேன்."

பைண்டிங் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பரீட்சைக்குப் பயந்து ஓடி வந்தவள், கல்யாணமாகி சிவகாசிக்கே குடிவந்து, சுகன்யாவைப் பள்ளிக்கூடம் சேர்த்த பிறகும், அந்த மேசையில் உட்கார்ந்து ஊருக்கே பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். எத்தனையோ காலண்டர், எத்தனையோ லேபிள். என் சிவப்புப் பென்சில் டிக் மூலையில் இல்லாமல் ஒன்றும் இறங்கியதில்லை.

விமான லேபிள் வந்த அந்த வருஷத் தீபாவளிக்கு மறுநாள் மதுரையில் சித்தி வீட்டிலிருந்தேன். தெருவெல்லாம் வெடித்த காகிதம். தெருக் கூட்டுகிற ஓர் அம்மாவின் விளக்குமாற்றுக்கு முன்னால் என் விமானம் கிழிந்து கிடந்தது. இறக்கை இல்லை, வால் இல்லை. கண்ணாடிக் கூண்டு மட்டும் முழுசாக இருந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. அதற்குள் கூடைக்குப் போய்விட்டது. நாங்கள் அச்சடித்ததெல்லாம் அப்படிப் போவதற்காகத்தானே அச்சடித்தோம்.

இப்போது பிலிமே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு நாள் கண்ணாடி மேசைகளை எல்லாம் வேனில் ஏற்றினார்கள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். குருசாமி அண்ணாச்சி இல்லை. முத்துலட்சுமி மகனோடு திருப்பூரில் இருக்கிறாள் என்று கேள்வி. முதலாளி அறை அலமாரியில் வெகுகாலம் நின்ற விமானம், கட்டடத்தை இடித்துக் கட்டியபோது எங்கே போனதோ தெரியவில்லை. அந்த லேபிளும் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

சுகன்யாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் கூண்டுக்கு டேப் வெட்டி முடித்தேன். இந்தக் காலத்து டேப் வளைவில் நன்றாகவே நின்றது, ஒபேக் தேவைப்படவில்லை. அவள் வண்ணம் தூவினாள். மறுநாள் நான் உரித்தேன். நூல் பிடித்த மாதிரி நின்றது. பெட்டியில் வந்த எண் ஸ்டிக்கரையும் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினோம். நான் மூன்று தடவை பார்த்தேன்.

"நாலாவது தடவை நீ பாரு" என்று அவளிடம் கொடுத்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பார்த்தாள். பிறகு என் தோளில் கை போட்டு, விமானத்தை எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் பிடித்து, செல்போனை நீட்டினாள். திரையைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது.

"ஏ சுகன்யா, நம்பர் திரும்பியிருக்குடி!"

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது முன்பக்க கேமராம்மா. கண்ணாடி மாதிரி அப்பிடித்தான் காட்டும். எடுத்து முடிச்சதும் அதுவே நேராத் திருப்பிக்கிடும். இந்தா பாரு."

பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அதுவே திருப்பிக்கொள்கிறதாம். அன்றைக்கு அதைத் திருப்ப, பயத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி வாயைத் திறக்க வேண்டியிருந்தது.